ஒரே பக்கம் சாய்ந்த இரண்டு உளிகள்

என் வீட்டுக்காரருக்கு உட்கார்ந்து சாப்பிடக்கூடப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போலப் பறப்பார். தச்சு வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் அடுத்தவர் கையில் வேலையைப் பார்த்தால் இவருக்குக் கை அரிக்கும். "தள்ளு, நான் பாக்குறேன்" என்று பிடுங்கிவிடுவார். பதினான்கு வருஷமாக இவர் பட்டறையில் வேலை பார்த்து, அப்படிப் பிடுங்கக் கொடுத்தவன் என் தம்பி. போன வாரம் அவன், "மாமா, திங்கட்கிழமை கதவு கம்பெனியில சேரப்போறேன்" என்றான்.

"தாராளமா போ" என்றார் இவர். அன்றிலிருந்து இவர் கை பட்டு வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இல்லை.

பட்டறையில் டிராயர் வேலை பாக்கி இருந்தது. டிராயரின் மூலையைப் புறா வால்போல விரிந்த பற்களால் கோப்பார்கள். டவ்டெயில் என்று பெயர். அறுப்பது சுலபம், பற்களுக்கு நடுவே உள்ள குழியின் மூலையைச் சுத்தம் செய்வதில்தான் உயிர் போகும். சாதாரண உளியின் தடித்த விளிம்பு சரிவில் முட்டி நின்றுவிடும். மூலையில் துளி மரம் தங்கினாலும் மூட்டு சேராது, அடித்தால் பலகை பிளக்கும். அதற்கு வெட்டும் வாய் சாய்ந்த உளி இரண்டு வேண்டும்: ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, மற்றது வலப்பக்கம்.

சனிக்கிழமை மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது இவர் இரண்டையும் தேய்த்து முடித்திருந்தார். ஒன்று பழைய உளி. இன்னொன்று என் தம்பியுடையது, யாரையும் தொடவிடமாட்டான். அதைவிடக் கொடுமை, முதல் உளியைப் பக்கத்தில் வைத்து அதைப் பார்த்தே இரண்டாவதையும் தேய்த்திருக்கிறார்.

"ரெண்டும் இடது கால் செருப்பா இருக்கே!" என்று சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி தன் சாமான்களை எடுக்க வந்தான். உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் மாமா என்னோடத எடுத்தீங்க?"

இவர் பட்டறையை இரண்டு சுற்று சுற்றினார். "ஜோடியாக்கிட்டா நீ பிரிச்சு எடுத்துட்டுப் போக மாட்டேன்னு நினைச்சேன். போகாதடா."

இந்த மனுஷர் வாயில் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை.

தம்பியின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னான்: "ஜோடின்னா ஒண்ணு எதிர்ப்பக்கம் சாயணும் மாமா. உங்க பக்கமே நானும் சாயணும்னா எப்படி?"

சாணைக்கல்லின் முன் உட்கார்ந்தான். "கைப்பிடியச் சுத்துங்க. மெதுவா."

இவர் சுற்றினார். உளியைப் பிடுங்கக் கை இரண்டு முறை எழுந்தது, தானே இறங்கியது. அரை அங்குலம் இரும்பு போய், வாய் வலப்பக்கம் சாய்ந்தது. தம்பி அதை மற்ற உளியின் அருகில் வைத்தான். "இது இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இவர் குனிந்து ஒரு மூலையை இடது உளியாலும் மறு மூலையை வலது உளியாலும் வழித்தார். பலகைகளைச் சேர்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு. முடி நுழைய இடமில்லாமல் மூட்டு உட்கார்ந்தது.

"டேய், இங்க வந்து பாரு!" என்று டிராயரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தெருவில் யாரும் இல்லை.