தொண்டைக்குக் கீழே ஒரு அம்மா

ஆரணியில், எங்கள் தெருவில் கரண்ட் போனால் பவர்லூம் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கும். அந்தத் திடீர் அமைதி இன்றும் என்னை வேலூர் ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

ஆடி மாதம். தெருவெல்லாம் வேப்பிலை, பம்பைச் சத்தம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. வளைகாப்புக்கு வளையல்கூட வாங்கவில்லை. ஏழாம் மாதமே என் மனைவி செல்விக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பெண் குழந்தை. என் உள்ளங்கையில் அடங்கும். தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. "இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வரவில்லை. மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது நெஞ்சு. யாரோ டீ கொடுத்தார்கள். குடித்தேன். சூடா, ஆறியதா, தெரியாது.

நான் தறிக்காரன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, எங்கள் வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். எங்கள் மாரியம்மனையும் அப்படித்தான் கூப்பிடுவோம். முதல் தடவை குழந்தையிடம் விட்டபோதும் அதே பழக்கம். "தாயே, காப்பாத்தும்மா!" என்று கத்திவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையின் இரண்டு குச்சிக் கைகளும் விரிந்து நடுங்கின. மெஷின் அலறியது.

சிஸ்டர் ஓடி வந்தார். "அண்ணா! இன்னா இது, கூழ் ஊத்துற திருவிழாவா? பாப்பா பயந்துகினு கீது பாருங்க."

"நான் வெளியே போயிடறேன் சிஸ்டர்."

"எங்க போறீங்க? பயமுறுத்தினது நீங்க. நீங்கதான் சமாதானம் பண்ணணும். கைய கழுவினு வாங்க."

ஒரு கையைத் தலைமேல் வைக்கச் சொன்னார். இன்னொரு கையால் மடங்கிய கால்களை அணைக்கச் சொன்னார். "தடவாதீங்க, தட்டாதீங்க. சும்மா வெச்சுகினு இருங்க. சாமிய மனசுக்குள்ள கூப்பிடுங்க."

சும்மா இருந்து பழகாத கை இது. வாயை மூடிக் கும்பிடவும் தெரியாது. வேண்டுதல் எதுவும் வரவில்லை. 'அம்மா' என்ற ஒரு சொல் மட்டும் வந்தது; அதுவும் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. கை அசையவில்லை. அதனடியில் அந்த மூச்சு தடுமாறியது. தடுமாறியது. பிறகு சீராயிற்று. மெஷின் வாயடைத்தது.

மாரியம்மன் கேட்டுவிட்டாள் என்று அப்போதே தெரிந்தது. அப்போதும் அழவில்லை.

தினமும் அப்படியே கை வைத்தேன். ஒருநாள் பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தது. எங்கள் பெட்டி மட்டும் ஏன் அப்படிக் காலியாகவில்லை என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழந்தையின் மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள். செல்வி குழந்தையை நெஞ்சோடு போட்டுக்கொண்டாள். ஐப்பசி மழையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழந்தை சத்தத்துக்குப் பயப்படக் கூடாதென்று வீட்டுத் தறியை அண்ணன் கொட்டகைக்கு மாற்றிவிட்டோம். இப்போது பெண் தவழ்கிறாள். நெஞ்சின் மரப்பு எனக்கு இன்னும் முழுசாக விடவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வேண்டிக்கொள்ளக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களே, வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. கையை வைத்துக்கொண்டு இருங்கள். அம்மனுக்குக் கேட்கும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது சிஸ்டர் வாசல்வரை வந்தார். "ஊருக்குப் போயி மறுபடி கத்தக் கூடாது, இன்னா?"

"நீ நல்லா இருக்கணும்மா" என்றேன், தொண்டைக்குள்ளேயே.

அவர் சிரித்துவிட்டார். "ஒண்ணும் கேக்கலண்ணா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."