ஒரு வாளி பச்சைத்தண்ணீர்

தங்கை மகளின் நிச்சயத்துக்குப் பாறசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல். சமையல், பக்கத்து வீட்டுக்காரர். மேற்பார்வை நான். அதாவது எல்லாரையும் சத்தம் போடுகிற வேலை.

எங்கள் பக்கத்து விருந்தில் குடிக்க, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம்தான். ரோஸ் நிறத்தில் ஆவி பறக்கும். முதல் பந்தியிலேயே, "நாக்கு வெந்து போச்சு!" என்று கூப்பாடு. எனக்குச் சுள்ளென்று வந்தது. சமையல்காரர் அடுப்படியில் இருந்தார். கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து அண்டாவில் ஊற்றினேன். சூடு பதமானது, நிறமும் பெரிதாக மாறவில்லை. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள், வந்தவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. எனக்கும்தான். கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தே தேய்ந்தேன். அந்த நிலையிலும், "கோழிக்கறி கெட்டதாக்கும்! அவன சும்மா விடமாட்டேன்!" என்று கத்தினேன். பேச்சு வெள்ளறடை வரை போனது. அங்கே அடுத்த வாரக் கல்யாணச் சமையலுக்குச் சமையல்காரரைச் சொல்லியிருந்தவர்கள் வேறு ஆள் தேட ஆரம்பித்தார்கள்.

சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தார். போக்கை நிறுத்த மாத்திரை கேட்டேன்.

"மாமா, மொதல்ல போன வெள்ளத்தத் திருப்பி ஏத்தணும்," என்று ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்து நீட்டினார். "கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. ரெத்தம் போனாலோ மூத்திரம் கொறஞ்சாலோ ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

பிறகு விசாரணை. அதே கோழிக்கறிச் சாப்பாட்டைப் பார்சல் கொண்டுபோய் வீட்டில் சாப்பிட்ட ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

"அப்போ கறியில்ல, வெள்ளமாக்கும்," என்றார் நர்ஸ். "கொதிச்ச வெள்ளம் மட்டும்னா சீக்கு வராது. அதுல கெணத்து வெள்ளம் சேத்தது ஆரு?"

சமையல்காரர் வாசலில் தலைகுனிந்து நின்றிருந்தார்.

"நானாக்கும்," என்றேன்.

வெள்ளறடைக்கும் நானே போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டோம்.

அந்தக் கல்யாணச் சமையல் அவருக்கே கிடைத்தது. என்னையும் கூட்டிப்போனார். பந்தியில் உட்கார்ந்ததும் அவரே வந்து என் டம்ளரில் ரோஸ் வெள்ளம் ஊற்றினார். கை வைக்க முடியாத சூடு. நிமிர்ந்து பார்த்தேன்.

"ஊதிக் குடிங்கண்ணா," என்றார்.

ஊதி ஊதிக் குடித்தேன். நாக்கு வெந்தது. காலி டம்ளரை மறுபடியும் நீட்டினேன்.