பிடுங்குப்படாத தடிகள்

நான் ஒரு கெட்ட செபம் செய்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மீனவர் ஊரான குருநகரில் பிறந்தாலும் நான் கடலுக்குப் போவது மீனுக்கல்ல, காற்றுக்கு. பாய் பூட்டிய பலகையில் நின்று ஓடுவேன். அதன் அடியில் ஒரு தண்டும் இறக்கையும் இருக்கும். ஃபோயில் என்பார்கள். காற்றின் பலத்தால் பலகை தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும்.

எனக்கு இடைஞ்சல் அருளப்பு அண்ணையின் களங்கட்டி. கடலில் வரிசையாகத் தடி நட்டு வலை கட்டியிருப்பார். ஒருநாள் என் ஃபோயில் அந்த வலையைக் கிழித்தது. கரையில் சண்டை.

“கடலென்ன உன்ரை கொப்பன்ரை றோட்டோ?”

“உங்கடை கொப்பற்றை வளவோ?” என்றேன்.

அன்று பின்னேரம் கோவிலில் முழங்காலில் நின்று கேட்டேன்: ஆண்டவரே, இந்த வாடைக் காற்றுக்கு அந்தத் தடிகள் ஒன்று விடாமல் பிடுங்குப்பட வேண்டும். ஆமென் என்றும் சொன்னேன்.

யேசு பாலன் பிறப்புத் திருநாளுக்கு முந்தின வாரம் வாடை இரைந்தது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. நான் இறங்கினேன். அப்படியொரு வேகம் நான் கண்டதில்லை. திடீரென்று பாய்மரத்தைப் பலகையோடு பிணைக்கும் ரப்பர் மூட்டு அறுந்தது. பாய் போய்விட்டது. காற்று என்னைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பொழுது சாயும்போது விரல்கள் விறைத்துவிட்டன. பலகையில் குப்புறக் கிடந்தபடி அழுதேன். “ஆண்டவரே, என்னை எதிலையாவது கொளுவிவிடும்.” வேறு செபம் வரவில்லை.

தூரத்தில் மனிதர்கள் நெஞ்சளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். போர்க்காலத்தில் இந்தக் கடலைக் கடக்கப் போய்த் திரும்பாதவர்கள், என்னைக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கண்ணை மூடினேன்.

பலகை சடாரென்று நின்றது. ஃபோயில் வலையில் சிக்கியிருந்தது. மனிதர்கள் இல்லை, அருளப்பு அண்ணையின் தடிகள். ஒன்றுகூடப் பிடுங்குப்படவில்லை.

காற்று கொஞ்சம் தணிய, தடிகளைப் பார்க்க அருளப்பு அண்ணை வள்ளத்தில் வந்தார்.

“வலையிலை திருக்கை பட்டிருக்கெண்டு வந்தன். நீயோடா? ஆடாதை, வலை கிழியும்.”

பிறகு என்னை எடுக்க அவரே தன் வலையை அறுத்தார். வள்ளத்தில் வைத்து, கோவிலில் நான் செய்த செபத்தைச் சொன்னேன்.

“இனி ஆண்டவரிட்டைக் கேக்க முதல் என்னட்டையும் ஒருக்காக் கேள்” என்றார்.

நான் முழுதாகத் திருந்திவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம் இருக்கிறது. தண்ணீரில் நின்ற அந்த மனிதர்கள் கனவில் வருகிறார்கள். சிலநாள் தடிகளாக மாறுகிறார்கள், சிலநாள் மாறுவதில்லை. அப்போது அவர்களுக்காகச் செபமாலை சொல்கிறேன். யாருக்கும் கேடு கேட்டுச் செபிக்க இப்போது வாய் வருவதில்லை.

ஆண்டவர் என் இரண்டு செபத்தையும் கேட்டார். ஒன்றுக்கு மாட்டேன் என்றார். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். கேட்டது கிடைக்கவில்லை என்று நீங்கள் அவரோடு கோபமா? கோபியுங்கள். ஆனால் விட்டுப் போகாதீர்கள். மறுத்ததற்கு நன்றி சொல்லும் நாள் எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும்.