பிளாஸ்டிக் கதிரைகள்

அலுவலகத்தில் என் வேலை ரெஜிபோம் வெட்டுவது. நியமனக் கடிதத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்றுதான் இருக்கிறது. ஆனால் நான் சித்திரம் படித்த பட்டதாரி என்று தெரிந்த நாளிலிருந்து, யாருக்குப் பிரியாவிடை என்றாலும், யார் வந்து விளக்கேற்றினாலும், மேடைத் திரையில் ஒட்டும் எழுத்துகளை அந்த வெள்ளை நுரை அட்டையில் வெட்டுவது நான்தான். வெட்டும்போது அந்த வெள்ளைத் தூள் மூக்குக்குள் போகும், சேலையில் ஒட்டும், தட்டத் தட்டப் போகாது. முடிந்ததும் எல்லாரும் வந்து பார்த்து, "மிஸ்ஸுக்கு என்ன, கைத்தொழில் இருக்கு" என்பார்கள். அதைக் கேட்கும்போது வெட்டுகிற கத்தியாலேயே யாரையாவது குத்தலாம் போலிருக்கும்.

இந்த வேலையை யாரும் சும்மா தரவில்லை. பட்டம் முடித்து வேலையில்லாமல், மற்றப் பட்டதாரிகளோடு வீதியோரத்தில் கொட்டகை போட்டு, மாதக்கணக்கில் இருந்து கத்தி, வெயிலில் கறுத்து வாங்கியது. அதனால் விடவும் முடியாது. உண்மையான கலைஞர் பட்டினி கிடந்தாவது படம் கீறுவார் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் பட்டினி கிடக்கட்டும். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

வீட்டை விட்டும் போக முடியாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வெளியூர்க்காரர் கேட்டால் மெச்சுவார்கள். மெச்சட்டும். என் வீட்டை என் அம்மா குவைத்தில் யாரோ ஒருவரின் வீட்டுக் குசினியில் சமைத்துக் கட்டினார். அப்படிக் கட்டிய வீட்டைப் பூட்டிப்போட்டு, நான் கொழும்பில் போய்ப் படம் கீறி வாழப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆண்பிள்ளையாய்ப் பிறந்திருந்தால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பேன். எனக்குச் சுவரும் கூரையும் தந்து இருத்திவிட்டார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கீறினேன். வாவிக்கரையில் கண்ணா மரக் கம்புகளை முறித்து வந்து, பால்மா டின்னுக்குள் அடைத்து, அடுப்பில் வைத்துக் கரியாக்குவேன். கடையில் விற்கும் கரியைவிட அது நன்றாகக் கறுக்கும். பெரிய தாள்களை முன் அறைச் சுவரில் அடித்து, நின்றுகொண்டு கீறுவேன். கீறியதெல்லாம் பிளாஸ்டிக் கதிரை.

ஏன் கதிரை என்று எல்லாரும் கேட்டார்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாவியையும் பாலத்தையும் தோணியையும் கீறாமல் இதென்ன என்றார்கள். என் வேலையே கூட்டங்களுக்குப் போவது. கல்குடாவில் மீனவர் கூட்டம், வேறோர் ஊரில் மாதர் சங்கக் கூட்டம், எங்கே போனாலும் இருக்கத் தருவது அந்தக் கதிரைதான். முதுகு பிளந்தது, கால் வளைந்தது, பிளந்த இடத்தைக் கம்பியால் தைத்தது. பிரதம அதிதி வரும்வரை அதில் காத்திருக்க வேண்டும். பின்னேரம் முதுகு ஒடிந்து வீட்டுக்கு வருவேன். என் கண்ணுக்குள் இருந்தது அதுதான். இருந்ததைக் கீறினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பாரம் தாங்காமல் வெளிப்பக்கமாக விரிகிற ஒரு கதிரைக் கால், அந்த வளைவு, கையில் சரியாக வந்துவிட்டால், அந்த நேரத்தில் எனக்கு யாரிலும் கோபம் இருக்காது. அம்மாவில் இல்லை, அலுவலகத்தில் இல்லை, என்னிலும் இல்லை. இந்தத் தொழில் எனக்குத் தந்தது அவ்வளவுதான். அது சின்ன விஷயம் என்று சொல்கிறவருக்குக் கோபம் என்றால் என்னவென்று தெரியாது.

என் கணவர் மேசன் வேலை. சீமெந்துக் கையோடு வந்து முன் அறையில் நின்று பார்ப்பார்.

"இஞ்சேருங்க, வீட்டுக்கு ஆக்கள் வந்தா இருக்க ஒழுங்கான கதிரை இல்ல. சுவர் முழுக்கக் கதிரை."

"நிண்டுட்டுப் போகட்டும்."

"என்ட அம்மாவும் நிக்கோணுமா?"

"அவவுக்குத்தான் முதல்."

அவர் சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

படங்களைக் கைபேசியில் எடுத்து முகநூலில் போட்டேன். கொழும்பில் ஓவியக்கூடம் நடத்தும் ஒரு பெண் பார்த்துவிட்டு அழைத்தார். சில பேரின் படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறாராம், என்னுடையதையும் வைக்க வேண்டுமாம். "பட்டிக்கலோ என்றால் யுத்தம், வாவி, அப்படி ஏதாவது இல்லையா?" என்று எங்கள் ஊரை ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்டார். இல்லை, கதிரைதான் என்றேன். சரி என்றார். திறப்பு விழா ஒரு வியாழக்கிழமை. முந்தின நாளே வந்து படங்களை மாட்டி, வருகிறவர்களுக்கு நானே அவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

எனக்கு அந்த ஒன்று வேண்டியிருந்தது. நான் கீறிய படத்துக்குப் பக்கத்தில் நின்று, இது இன்னது, நான் கீறியது என்று என் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை என்னுடையது என்று எதற்குப் பக்கத்திலும் நான் நின்றதில்லை. ரெஜிபோம் எழுத்துக்குப் பக்கத்தில் யாராவது நிற்பார்களா?

லீவு கேட்கப் போனேன். எங்கள் அதிகாரி அந்த வாரம்தான் இடமாற்றத்தில் போக இருந்தார்.

"லீவு தரலாம் மிஸ்," என்றார். "ஆனா என்ட படம் ஒண்டு கீறித் தாங்களன். போற இடத்தில மாட்டி வைப்பன். பிரியாவிடை அண்டைக்கே கையெழுத்து வச்சிர்றன்."

வேறு வழி? கொழும்புக்கான கடைசிப் படத்தை நிறுத்திவிட்டு அவர் முகத்தைக் கீறினேன். கையில் கரிதான் இருந்தது, கரியால்தான் கீறினேன். சொன்னால் பெருமையடிப்பது போலிருக்கும், ஆனால் நல்ல படம். இல்லை என்று சொல்லுமுன் அவர் உதட்டை ஒரு பக்கம் இறுக்குவார், அதுகூட வந்திருந்தது. பிறேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் வழமையான கறுப்புப் பிறேமைப் போட்டுத் தந்தார். நான் யோசிக்கவில்லை. எனக்கு அவசரம்.

பிரியாவிடை அன்று படத்தை மண்டபத்து மேசையில் வைத்துவிட்டு, திரையில் எழுத்து ஒட்டப் போனேன். மேசையில் பக்கத்திலேயே குத்துவிளக்கு. அதிகாரிக்குப் போடும் பூமாலை தட்டில் வந்திருந்தது, சந்தனமும் இருந்தது. மண்டபத்தை ஒழுங்கு பண்ணுவது எங்கள் பியோன் அண்ணன். கை தன்பாட்டில் வேலை செய்யும் மனுசன். கறுப்பு வெள்ளை முகம், கறுப்புப் பிறேம், பக்கத்தில் விளக்கு, தட்டில் மாலை. எங்கள் ஊர்ச் செத்த வீடுகளில் முப்பத்தோராம் நாளுக்கு எதைப் பார்த்திருப்பாரோ அதையே செய்துவிட்டார். படத்துக்கு மாலையைப் போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்து, விளக்கைக் கொளுத்திவிட்டார்.

அதிகாரியின் மனைவிதான் முதலில் உள்ளே வந்தார்.

"ஐயோ! என்ட மனுசன் உயிரோட கல்லுக் கணக்கா நிக்கிறாரே! ஆரு இந்த வேலை பாத்த?"

பியோன் அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "மிஸ்தான் கீறின, அம்மா."

"கீறினா? மாலை போட்டது ஆரு?"

"நான்தான். மாலை இல்லாம இப்படிப் படத்த நான் காணல்லையே..."

"கழட்டுங்க! முதல்ல விளக்க அணையுங்க! நல்ல நாளும் அதுவுமா!"

அதிகாரி வாசலில் நின்று தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. முந்தானையைக் கடித்தேன், நிற்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் கீறிய அதே உதடு, அதே இறுக்கம். அதைக் கண்டதும் இன்னும் சிரித்தேன்.

கையெழுத்து விழவில்லை. அவர் போன பிறகு, அவருடைய இடத்தில் பதில் கடமைக்கு இருந்தவரிடம் போனேன்.

"நான் கையெழுத்து வைக்க ஒண்ணா மிஸ். புது சேர் வரட்டும்."

"அவர் வாறத்துக்குள்ள வியாழக்கிழமை போயிரும்."

"அதுக்கு நான் என்ன செய்யிற? நீங்கதானே சிரிச்ச."

சொல்லாமல் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னைத் தூர இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்ற கதை அதற்குள் அடிபடத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் லீவில்லாமல் போனால் வேலையே போகும். போகவில்லை. என் கணவர் ஒரு தண்ணீர்ப் பைப்பை அளவுக்கு வெட்டி, படங்களைச் சுருட்டி அதற்குள் செருகி, பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "நல்ல மனுசிதான். ஆனா நீங்க வராததுக்கு முகம் சுழிச்சா" என்றார்.

வியாழக்கிழமை நான் புளியந்தீவில் ஒரு மண்டபத்தில், யாருக்கோ காத்துக்கொண்டு, ஒரு கதிரையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் கொழும்பிலிருந்து வீடியோ வந்தது. வெள்ளைச் சுவரில் என் படங்கள். வெளிச்சம் போட்டு மாட்டியிருந்தார்கள். என் முன் அறையில் பார்த்தவைதானா என்று தோன்றியது, அவ்வளவு பெரிதாக நின்றன. பிறகுதான் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைக் கண்டேன். நிறுத்திப் பெருப்பித்து வாசித்தேன். யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கும் வெற்றிருக்கைகள் என்று எழுதியிருந்தது.

அப்படிப் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை அந்தக் கதிரைகளில்தான் இருந்தார்கள். எத்தனை பேர் கூப்பிடாமலே திரும்பிப் போனார்கள். அவர்களைக் கீற எனக்குத் துணிவு வரவில்லை. எப்படிக் கீறினாலும் பொய்யாகிவிடும் என்று பயம். அதனால் தொடவில்லை. தொடாத ஒன்றைத் தொட்டதாக எழுதி, வெளிச்சம் போட்டு, ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எங்களயா கீறின, மகள்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

உடனே அழைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சனி முழுக்க யோசித்தேன். அந்தத் தாள் இருந்தால் எனக்கு நல்லது. பெயர் வரும், இன்னும் கூப்பிடுவார்கள், ஒரு நாள் அலுவலகத்தை விட்டுக்கூட வரலாம். கணவரிடம் சொன்னேன். "உங்கட படம். நான் என்ன சொல்ற?" என்றார். ஞாயிறு காலை அழைத்தேன்.

"அந்தத் தாள எடுங்க."

"எந்தத் தாள்?"

"கதிரையப் பத்தி எழுதி ஒட்டியிருக்கீங்களே, அது. நான் அதக் கீறல்ல."

"நீங்க வரல்லையே," என்றார் அந்தப் பெண். அவர் பேசுவது கொழும்புத் தமிழ். "வந்தவங்க இது என்னன்னு கேட்டா நான் ஏதாவது சொல்லத்தானே வேணும்? எல்லாரும் நின்னு பார்த்தாங்க. ரெண்டு படத்துக்கு ஆள் இருக்கு. எடுத்தா அவங்க வாங்க மாட்டாங்க."

"வாங்காம விடட்டும்."

"சரி, அப்ப என்னன்னு எழுதுறது?"

"கதிரை எண்டு எழுதுங்க. கூட்டத்தில இருந்து இருந்து முதுகு நோகுது, அதால கீறினது எண்டு எழுதுங்க."

அவர் சிரித்தார்.

"நான் பகிடி விடல்ல," என்றேன்.

தாளை எடுத்தார். அதற்குப் பதிலாக ஒன்றும் ஒட்டவில்லை. வாங்க இருந்த இருவரில் ஒருவர் வேண்டாம் என்று போய்விட்டார். மற்றவர் எடுத்துக்கொண்டார். மிச்சம் அதே பைப்பில் திரும்பி வந்தது. அந்தப் பெண் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. படம் கீறுகிற ஒரு தெரிந்தவர், "உங்களுக்கு வந்த சான்ஸ உங்கட வாயாலயே கெடுத்திட்டீங்க" என்றார். இருக்கலாம்.

இடமாற்றமும் வந்தது. இப்போது கதிரவெளிப் பக்கம். விடியப் போய் இருட்டி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உடம்பு எழும்ப மாட்டேன் என்கிறது. சில ஞாயிறு கீறுகிறேன், சில ஞாயிறு தாளைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், அந்தப் பெண் சொல்லவில்லை. எடுத்தது முதுகு பிளந்து கம்பி தைத்த கதிரை. அந்தத் தாளை எடுத்த பிறகும், பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல், வெறும் கதிரையாகவே அதை யாரோ ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பஸ்ஸில் நெரிபட்டு நிற்கும்போது அதை நினைப்பேன். நான் போக முடியாத ஏதோ ஒரு வீட்டில் அது சுவரில் நிற்கிறது. அவருக்கு அது என்னவாக இருக்கிறதோ, அது அவர் பாடு. நான் கீறியது போய்விட்டது. நான்தான் போகவில்லை.