நாடியா வாங்கிய முதல் கார்

ஐம்பது வயது வரை நாடியா மெல்னிக் காரில் போனதெல்லாம் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில்தான். பால் வாங்கக்கூட வண்டி எடுத்துப் போகிற, கனடாவின் கனோரா மாதிரிச் சின்ன ஊரில் அது கொஞ்சம் விசித்திரம்தான். கேட்டால் பெரிய காரணம் எதுவும் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் அப்பாவின் ட்ரக்கை எடுத்துக் கோதுமை வயலுக்குள் இறக்கி, வேலியைப் பெயர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளிடம் சாவியைக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு அதே வீட்டில் தனியாக இருந்தாள்.

வேலை பக்கத்து நகரமான யார்க்டனில், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அதே இல்லத்தில் நர்ஸாக இருந்த பிரெண்டா, நாடியா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். பிரெண்டாவின் காரில் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவது என்று ஆரம்பித்தது, பல வருஷம் அப்படியே ஓடிவிட்டது. பிரெண்டா ஓட்டிக்கொண்டே பேசுவாள். நாடியா ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்பாள். ஒரு வசந்த காலத்தில் பிரெண்டா, செப்டம்பரோடு ஓய்வு பெற்று மகள் இருக்கும் தொலைதூரக் கெலோனாவுக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னாள்.

"அப்ப நான் எப்படி வேலைக்குப் போறது?" என்றாள் நாடியா.

"எல்லாரும் எப்படிப் போறாங்களோ அப்படித்தான். ஒரு வண்டி வாங்கு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"என் பக்கத்துல இத்தனை வருஷம் உக்காந்து என்னத்தப் பாத்தே?"

பிரெண்டாவே சொல்லிக் கொடுத்தாள். லைசென்ஸ் பரீட்சையில் நாடியா இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் பின்னால் எடுத்து நிறுத்தும்போது ஆரஞ்சு நிறக் கூம்பை இடித்துத் தள்ளினாள். மூன்றாம் முறை போனபோது பரீட்சை வைக்கும் அம்மாள் காரில் ஏறும்போதே, "இந்தத் தடவையாவது அந்தக் கூம்பை விட்டு வைங்க, எங்ககிட்ட இருக்கறதே கொஞ்சம்தான்" என்றாள். நாடியா விட்டு வைத்தாள்.

கார் வாங்க நாடியாவோடு வருவதாக அவள் பெரியப்பா மகன் ஓரெஸ்ட் சொல்லியிருந்தான். கார்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவன் நினைப்பு. ஆனால் அது அறுவடை நேரம். நல்ல வெயிலடிக்கிற ஒரு சனிக்கிழமை, அரைக்கால் சட்டையோடு அறுவடை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தபடியே போனில் கத்தினான்: "இன்னைக்கு முடியாது! அடுத்த வாரம் பாக்கலாம்! தனியாப் போய் ஏமாந்துடாதே!"

அடுத்த வாரம் பிரெண்டா ஊரைவிட்டுப் போகிறாள். நாடியா கைப்பையை எடுத்துக்கொண்டு, ஊர்க்கோடியில் இருக்கும் வெர்ன் ஹாகனின் பழைய கார் கடைக்கு நடந்தே போனாள்.

வெர்ன் அறுபது வயதுக்காரர். சிவந்த முகம், உரத்த குரல். கடையில் அவரும், மேசையில் உட்கார்ந்து கணக்கு வழக்குப் பார்க்கும் அவர் மனைவி டோரீனும்தான்.

"வாங்க வாங்க. வீட்டுக்காரர் பின்னால வராரா?"

"வீட்டுக்காரர் யாரும் இல்ல."

"அப்ப முடிவெடுக்கறது சுலபம்" என்று சிரித்தார் வெர்ன்.

நாடியாவுக்கும் சிரிப்பு வந்தது. வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே நடந்தாள். எதைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. மற்றவர்கள் டயரை உதைத்துப் பார்த்ததைப் பார்த்திருக்கிறாள். அவளும் ஒன்றை உதைத்தாள். கால் வலித்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் அவளுக்குப் பிடித்தது. உட்கார்ந்தால் முன்பக்கம் முழுதும் தெரிந்தது.

வெர்ன் பக்கத்தில் உட்கார, ஓட்டிப் பார்த்தாள். தானியக் கிடங்கு வரை போய்த் திரும்பினார்கள். பிரேக் பிடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை, ஆடவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள், அவ்வளவு வெயில்.

"குளிர்காலத்துல எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். ஓரெஸ்ட் சொல்லிக் கொடுத்த கேள்வி இல்லை அது. விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்புகிறவளுக்குத் தானாகத் தோன்றியது.

"கவலையே படாதீங்க. உள்ள உக்காந்தீங்கன்னா கோட்டைக் கழட்டி வச்சிடுவீங்க" என்றார் வெர்ன்.

விலை பேசிக் கையெழுத்துப் போடும்போது விற்பனைத் தாளின் கீழே 'உள்ளது உள்ளபடி' என்று முத்திரை குத்தியிருந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டாள். எல்லாக் கடையிலும் குத்துவதுதான் என்றார் வெர்ன். டோரீன் அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு மூன்று தெரு தள்ளித்தான். ஆனால் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு நாடியாவுக்கு நிறுத்த மனம் வரவில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். நெடுஞ்சாலைக்குப் போனாள். பக்கத்து ஊர் வரை போய்விட்டு வந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையும் வதக்கின வெங்காயமும் போட்டுக்கொண்டு, திரும்ப வந்து, நிறுத்தியிருந்த காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்தார். அவளும் முள்கரண்டியை அசைத்தாள்.

அக்டோபர் நடுவில் குட்டைகள் உறைய ஆரம்பித்தன. ஒரு நாள் காலை ஹீட்டரைப் போட்டாள். குளிர்ந்த காற்று வந்தது. வண்டி சூடாக வேண்டும் போல என்று காத்திருந்தாள். யார்க்டன் போய்ச் சேரும்வரை குளிர்ந்த காற்றுதான் வந்தது. தான்தான் தப்பான பொத்தானை அழுத்துகிறோம் என்று நினைத்து, அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தாள். பொத்தான் சரிதான். அடுத்த வாரம் கண்ணாடியின் உட்புறமே அவள் மூச்சால் உறைந்து வெள்ளையாகிவிட்டது. ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டியவள், எதிரே வந்த லாரியின் விளக்கு மங்கலான வெளிச்சமாக மட்டும் தெரிந்ததும் பயந்து, ஓரம் கட்டி, விடியும்வரை அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றாள். அன்று காலைக் கஞ்சி முதியவர்களுக்குத் தாமதமாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஓரெஸ்ட் வந்து இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தான். அதிக நேரம் ஆகவில்லை.

"இங்க பாரு. இன்ஜின்லேர்ந்து சூடான தண்ணி ஹீட்டருக்குப் போகணும், அங்கேர்ந்து திரும்பி வரணும். அதுக்குத்தான் இந்த ரெண்டு குழாய். ரெண்டையும் ஹீட்டர்லேர்ந்து பிடுங்கி ஒண்ணோட ஒண்ணு சேத்துவிட்டிருக்கான் எவனோ. ஹீட்டருக்குத் தண்ணியே போறதில்ல."

"ஏன் அப்படிப் பண்ணணும்?"

"ஹீட்டர் உள்ள ஒழுகியிருக்கும். மாத்தறதுன்னா டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும். சோம்பேறி, இப்படி ஒட்டுப் போட்டிருக்கான். இதுக்குத்தான் சொன்னேன், தனியாப் போகாதேன்னு. நான் வந்திருந்தா..."

"நீ வந்திருந்தாலும் ஹீட்டரைப் போட்டுப் பாத்திருக்க மாட்டே. அன்னைக்கு அடிச்ச வெயில்ல நீயே அரைக்கால் சட்டைலதானே உக்காந்திருந்திருப்பே."

ஓரெஸ்ட் மூடியை இறக்கிவிட்டு வேறு பேச்சுப் பேசினான்.

வேலை இல்லாத நாளான திங்கட்கிழமை, நாடியா வெர்னிடம் போய் நடந்ததைச் சொன்னாள். வெர்ன் வருத்தப்பட்டார். ஏலத்தில் எடுத்த வண்டி, தனக்கு எப்படித் தெரியும் என்றார். பிறகு முத்திரையை விரலால் தொட்டுக் காட்டி, விற்ற பிறகு என்ன பழுது வந்தாலும் வாங்கியவர் பாடு என்பதுதான் அதன் அர்த்தம் என்றார்.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நாடியா."

"போட்டேன். ஆனா நீங்க கோட்டைக் கழட்டிடுவேன்னு சொன்னீங்க."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுங்க."

கத்துவது நாடியாவுக்கு வராது. வழக்குப் போடுவதெல்லாம் யார் செய்வது? அறையின் மூலையில் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் சுவரோரம் வெப்பம் தரும் குழாய் ஓடியது. அவள் போய் அதில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"என் வண்டியில குளிருது. சரியாகற வரைக்கும் இங்க உக்காந்துக்கறேன்."

வெர்ன் சிரித்தார். சாயங்காலம் கடை மூடுகிற வரை அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இல்லத்துக்குப் போன் செய்து, சேர்த்து வைத்திருந்த விடுப்பைக் கேட்டு வாங்கினாள். கிறிஸ்துமஸுக்குக் கெலோனா போய்ப் பிரெண்டாவோடு இருக்கலாம் என்று மிச்சம் பிடித்து வைத்திருந்த விடுப்பு அது. கடை திறக்கும்போது வாசலில் நின்றாள். கையில் ஒரு மூடி போட்ட பாத்திரம். மத்தியானம் டோரீனிடம் அனுமதி கேட்டு, அங்கே இருந்த மைக்ரோவேவில் அதைச் சூடாக்கினாள். முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைத்தது. வாசனை அறை முழுக்க நிரம்பியது. டோரீனுக்கு இரண்டு கொடுத்தாள். வெர்னிடமும் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றார்.

கார் பார்க்க வந்த ஒரு கணவனும் மனைவியும் உள்ளே சூடுகாய வந்தார்கள். மனைவி நாடியாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்களும் வண்டி வாங்க வந்தீங்களா?"

"வாங்கிட்டேன். வெளிய நிக்குதே, சாம்பல் நிறம்."

"எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுது. பிரேக் நல்லா பிடிக்குது. ஹீட்டர் மட்டும் கிடையாது. குழாயைப் பிடுங்கிக் கட்டிட்டாங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

வெர்னின் முகம் இன்னும் சிவந்தது. "என் பிழைப்புல மண்ணள்ளிப் போடறீங்க!"

"நான் என்ன சொன்னேன்? கேட்டாங்க, சொன்னேன். நல்லா ஓடுதுன்னும்தான் சொன்னேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடேன்" என்றாள் டோரீன், தலை நிமிராமல். "வர்றவன் அம்மா அந்த முதியோர் இல்லத்துலதான் இருக்கா, இவங்க சமைக்கறதைத்தான் தினமும் சாப்பிடறா."

நாடியா நாலைந்து நாள் அப்படி உட்கார்ந்தாள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். உள்ளுக்குள் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும். போனால் மறுபடி யாரையாவது பார்த்து, என்னையும் ஏற்றிக்கொண்டு போ என்று கேட்க வேண்டியிருக்கும் என்பது நினைவுக்கு வரும். உட்கார்ந்துவிடுவாள். வெர்ன் ஒரு முறை வண்டியைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் மறுத்தாள்.

"எனக்கு இந்த வண்டிதான் வேணும். சூடா வேணும்."

வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. கடைக்கு வேறு யாரும் வரவில்லை. டோரீன் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"வெர்ன். அந்தக் குழாய் விஷயம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார் கடைசியில். "ஏலத்துல எடுத்த அன்னைக்கே பாத்தேன். வெயில் காலத்துல வித்துடலாம்னு நெனச்சேன். வெளியூர்க்காரன் எவனாவது வாங்கிட்டுப் போவான்னு." நாடியா பக்கம் திரும்பினார். "உள்ளூர்க்காரங்க, நீங்க நடந்து வந்து வாங்குவீங்கன்னு நெனக்கல."

நாடியாவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

"எப்பச் சரி பண்றீங்க?" என்றாள்.

வெர்னிடம் வேலை பார்த்த மெக்கானிக் வசந்த காலத்திலேயே போய்விட்டான். அவரே பின்கொட்டகையில் வண்டியை ஏற்றி, டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டரை மாற்ற ஆரம்பித்தார். அவருக்கு முதுகு வலி. இருக்கைக்குக் கீழே மடங்கிப் படுத்துக்கொண்டு, கிடைத்த தெய்வத்தையெல்லாம் திட்டினார். ஞாயிறு மத்தியானம் முடிந்தது, சூடான காற்று வந்தது. கடைசியில் மூன்று திருகாணி மிஞ்சியது. அது எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு சின்ன உறையில் போட்டு நாடியாவிடம் கொடுத்துவிட்டார்.

அவள் நன்றி சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தெருவில் இறங்கி நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கைகாட்டி அனுப்பினார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளால் கெலோனா போக முடியவில்லை. பிரெண்டா போனில் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். முழுக்கதையும் கேட்ட பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கார் ஆறு குளிர்காலம் தாங்கியது. மைனஸ் நாற்பதிலும் கிளம்பியது. டேஷ்போர்டு மட்டும் கரடுமுரடான சாலையில் கடகடவென்று சத்தம் போடும். ஏழாவது வருஷம் நவம்பரில், வேலை முடிந்து வரும் வழியில், பள்ளத்திலிருந்து ஒரு மான் தாவி நேராக முன்கண்ணாடியில் விழுந்தது. நாடியாவுக்குத் தோளில் பெல்ட் அழுத்திக் கன்றிய தடத்தைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. கார்தான் நொறுங்கிப்போனது. ஓரெஸ்ட் வந்து கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம், "அடுத்த வண்டிக்கு நான் கண்டிப்பா வருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"வா. ஆனா பேசறது நான்தான்" என்றாள் நாடியா.