வார்டன் இல்லாத ஹாஸ்டல்

மெல்போர்னில் என் மகள் எங்கே தங்க வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொல்லிக்கொண்டே போகும்போது என் வீட்டுக்காரர் மேலோ அந்த ஊர் மேலோ பழியைப் போட எனக்கு ஆசை வரும். என் சுபாவம் அப்படி.

அவள் கோயம்புத்தூரில் வேளாண்மை ஆராய்ச்சி மாணவி. வாழையில் வரும் வாடல் நோயைப் பற்றிய ஆராய்ச்சி. சின்னமனூரில் வாழை மண்டி வைத்திருப்பவரின் மகள் வேறெதைப் படிப்பாள்? அந்த நோயைப் பற்றி மெல்போர்னில் ஒரு கருத்தரங்கு. இவள் எழுதி அனுப்பிய கட்டுரையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு, தங்கும் இடம் நம் பொறுப்பு. ஆறு நாள், தனியாக. அந்த 'தனியாக' என்ற சொல்தான் எனக்கு உதைத்தது.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஊருக்கே தெரியும். யாராவது தேனிக்குப் போனால்கூட பஸ் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன் எனக்கு வந்தாக வேண்டும். மேகமலை ரோட்டில் வண்டி வளைவில் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். இத்தனைக்கும் என் வேலை ரத்தம் எடுப்பது. சின்னமனூரில் ஒரு லேபில் இருபது வருடமாக டெக்னீஷியன். ரத்தத்தைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என் பிள்ளை இருப்பதுதான் எனக்குப் பயம்.

போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தேன். போகலாம், ஆனால் எங்கே தங்குவது என்பதை நான்தான் சொல்வேன். அவள் உடனே சரி என்றாள்.

மூன்று சாயங்காலம் நானும் அவளும் என் வீட்டுக்காரரும் அவளுடைய லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அவருக்கு இதில் ஒரே ஒரு கொள்கைதான்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பாரு ஆத்தா. எந்த ஊருக்குப் போனாலும் நான் அங்கனதான் ரூம் போடுவேன். ஒரு சத்தம் போட்டா பத்துப் பேரு வந்துருவாக."

"அங்க ரயில்வே ஸ்டேஷன்தான்ப்பா பெருசு."

"அப்ப ஸ்டேஷன் பக்கத்துல பாரு."

நான் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட ஜன்னலுக்குக் கம்பி இல்லை. கண்ணாடி மட்டும்தான். பதினெட்டாவது மாடிக்கு எவன் ஏறி வருவான் என்று மகள் கேட்டாள். வருகிறவன் வழி கேட்டுக்கொண்டா வருவான் என்றேன். அடுத்து கதவுகளைப் பார்த்தேன். எதிலும் நம் ஊர்த் தாழ்ப்பாள் இல்லை. ஓர் அட்டையைக் காட்டினால் திறந்துகொள்ளுமாம். அட்டைக்குத் திறக்கிற கதவு, அதே மாதிரி இன்னோர் அட்டை வைத்திருப்பவனுக்கும் திறக்குமே! அன்றைக்கே கடைவீதிக்குப் போய் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தேன். மாட்டுவதற்குக் கொண்டியே இல்லாத கதவில் இதை எங்கே மாட்டுவது என்று கேட்டாள். இருக்கட்டும், பெட்டியில் கிடக்கட்டும் என்றேன்.

ஒரு வீட்டில் ஓர் அறை மட்டும் வாடகைக்கு என்று போட்டிருந்தது. அந்த வீட்டின் சொந்தக்காரர் வயதானவர், பக்கத்தில் நாய். நாய் முகம் நன்றாக இருந்தது, அந்த ஆள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் தள்ளினேன். மூன்றாவது நாள் அவளுக்கு அலுத்துவிட்டது. திரையை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அப்போது நான் ஒரு சொல்லைப் பார்த்தேன். ஹாஸ்டல்.

"நிறுத்து, நிறுத்து. இங்கன போடு."

என் மனதில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். நான் மதுரையில் லேப் படிப்புப் படித்த இரண்டு வருடமும் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஆறு மணி அடித்தால் வார்டன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். என் அப்பாவே வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று முறுக்குப் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் தலை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் சோறு பரிமாற மாட்டார்கள். அந்த அம்மாவைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் என் ஆயுசில் நான் பயமே இல்லாமல் தூங்கியது அந்த இரண்டு வருடம்தான்.

மகள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, அங்கெல்லாம் ஹாஸ்டல்னா வேற மாதிரி இருக்கும்."

"வேற மாதிரின்னா? கொசு இல்லாம இருக்கும். அவ்வளவுதான?"

அவள் பதிவு செய்யும் பொத்தானுக்குப் போனாள். "சரி, இதையே போட்டுருறேன்" என்றாள். ஸ்டேஷனுக்கும் பக்கம்தான் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரருக்கும் திருப்தி. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

அவள் போய் இறங்கியது ஆடி மாதம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்றால் சும்மா இல்லை. வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுத்தான் ஓயும். அன்று அனுமந்தன்பட்டியில் என் வீட்டுக்காரர் குலைக்கு விலை பேசி வைத்திருந்த தோட்டத்தில் மரங்கள் விழுந்துவிட்டன என்று காலையிலேயே அங்கே போய்விட்டார். நான் லேபில் இருந்தேன். மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். எங்களுக்கு உச்சி வெயில். அவளுக்கு மணி ஆறு, அங்கே குளிர்காலம், ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. பகலில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையின் இருட்டைப் பார்ப்பது என்னவோ போல இருந்தது.

"ரூமைக் காட்டு" என்றேன்.

போனைச் சுற்றினாள். ரயில் பெட்டியில் இருப்பதுபோல மேலும் கீழுமாக எட்டுப் படுக்கைகள். ஒன்றின் மேல் துண்டு காய்ந்தது. அதன் கீழே அரை டவுசர் போட்ட ஒரு தாடிக்காரன் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"யாருடி அவன்?"

"அந்த பெட்ல இருக்கிறவரு."

"லேடீஸ் ஹாஸ்டலுக்குள்ள எப்படி வந்தான்? வார்டனைக் கூப்பிடு."

"வார்டன் எல்லாம் கிடையாதும்மா. கீழ ரிசப்ஷன்ல ஒரு ஆளு இருக்காரு. இங்க ஹாஸ்டல்னா இப்படித்தான். ஆம்பளை பொம்பளை எல்லாரும் இருப்பாக. எனக்கு மேல் பெட்ல ஒரு டீச்சரக்கா இருக்காக, நல்லாப் பேசுனாக. லாக்கர் இருக்கு. கேமரா இருக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் லாக்கர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். தெரிந்துதான் இருந்திருக்கிறாள். சொன்னால் அனுப்ப மாட்டேன் என்றும் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் என்று இப்போது எழுதுகிறேன், அது அத்தனையும் பயம்.

"இந்த நிமிசமே பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வா."

"இருட்டிருச்சும்மா. மழை வேற. நாளைக்குக் காலைல பாத்துக்கிறேன்."

"நீ வெளிய வரலேன்னா எனக்கு நெஞ்சு வலி வந்துரும். சொல்லிட்டேன்."

இருபது வருடமாக மனிதர்களின் ரத்தத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. முகம் சுருங்கிப்போய்ப் பெட்டியை மூடினாள். போனிலேயே தேடி, ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலை நானே கண்டுபிடித்து அனுப்பினேன். பத்து நிமிட நடை. தெருவுக்கு வந்ததும் கூப்பிட்டாள். பெட்டியின் சக்கரம் ஈரத் தரையில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. "எந்தப் பக்கம் திரும்பணும்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

அப்போது மணி இரண்டு.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. சர்க்கரை பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை இறக்கினேன். நரம்பு கிடைக்கவில்லை. மறுபடியும் குத்தினேன்.

"என்னத்தா, ரெண்டு தடவை குத்துற?" என்றார்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம் அவரை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். போனில் காற்று இரைந்தது. நடந்ததைச் சொன்னேன். தாடிக்காரனைப் பற்றி ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். அவரும் என்னோடு சேர்ந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குத்தான் கேட்டார்.

"அந்த ரூம்ல எத்தனை பேரு இருந்தாக?"

"ஏழெட்டுப் பேரு."

"பொம்பளையாளும் இருந்தாகல்ல? பிறகு எதுக்கு வெளிய வரச் சொன்ன?" என்றார். "எட்டுப் பேரு இருந்த இடத்துல இருந்து பிள்ளையக் கிளப்பி, ஒருத்தரும் இல்லாத தெருவுல நிப்பாட்டி வச்சிருக்கியே."

அதுவரை நான் பயந்தது எல்லாம் அந்த ஊரைக் கண்டு, அந்த அறையைக் கண்டு, அந்தத் தாடியைக் கண்டு. அந்த நிமிடம் முதல் என்னைக் கண்டே பயந்தேன். கடைவீதியில் வெயில் கொளுத்தியது. எதிர்க்கடையில் ஆட்கள் டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளையை நானே இருட்டுக்குள் தள்ளிவிட்டு இந்த வெளிச்சத்தில் நிற்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைத் திட்டுவது? ஹாஸ்டல் நம்பரைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை. வார்டன் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். கும்பிடாத சாமி இல்லை. பெரிய கோயில், சின்னக் கோயில் எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொண்டேன். ஊருக்கு மேற்கே இருக்கும் மாதா கோயிலுக்கும் மெழுகுவர்த்தி வைப்பதாகச் சொன்னேன். ஐம்பது தடவையாவது அவள் நம்பரை அழுத்தியிருப்பேன்.

மூன்றே முக்காலுக்கு வீடியோவில் போன் அடித்தது. அவள்தான். தலை நனைந்து முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால் அதே மேலும் கீழுமான படுக்கைகள்.

போனில் சார்ஜ் தீர்ந்ததும் யாரையோ கேட்டு ஓட்டலுக்குப் போயிருக்கிறாள், அங்கே இடமில்லையாம். ஏதோ ஒரு மேட்ச்சுக்காக ஊரே நிறைந்திருந்ததாம். திரும்புகிற வழி தெரியாமல் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். குடித்திருந்த இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வெளிச்சமாக இருந்த ஒரு டிராம் நிறுத்தத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர்களும் எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்களாம். பிறகு ஒரு அம்மாவிடம் வழி கேட்டுத் திரும்ப ஹாஸ்டலுக்கே வந்துவிட்டாள். டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார். சார்ஜரை மாட்டும் துளை அங்கே வேறு மாதிரி இருக்குமாம். அதற்குப் பொருந்தும் ஒரு அடாப்டரை எடுத்துக் கொடுத்தவன் அந்தத் தாடிக்காரன்.

"இந்த ரூம்ல எனக்குப் பயமே இல்லம்மா" என்றாள். "வெளியதான் பயந்தேன். ரொம்பப் பயந்துட்டேன்."

இதற்கு ஒரு தாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பு என்னுடையது ஆத்தா என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். வேறு ஒன்றும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் நேராகப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவன் எந்தக் கட்டில்ல படுக்குறான்?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. "தூங்கப் போறேன்மா" என்று வைத்துவிட்டாள்.

மீதி நாட்களில் தினமும் ஒரு மெசேஜ் வந்தது. சாப்பிட்டேன். பேசிட்டேன், நல்லாப் போச்சு. கிளம்பிட்டேன். ஊருக்கு வந்தவள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். அப்பாவிடம் அந்த ஊர் வாழைப்பழத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி என்னிடம் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

படிப்பு முடிந்து இப்போது வேலையில் இருக்கிறாள். அடிக்கடி வெளிநாடு போகிறாள். போன மாதம் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். "பாங்காக் போறேன், நாலு நாளு" என்றாள்.

"எங்கன தங்குற?"

"நல்ல இடத்துலதாம்மா."

"பேரு?"

"போயிட்டுச் சொல்றேன்" என்றாள். போய்விட்டுச் சொல்லவில்லை. வந்த பிறகும் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. முன்பெல்லாம் அவள் தங்கும் தெருவை மேப்பில் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கதவைப் பார்த்துப் பயப்படுவேன். இப்போது வைத்துப் பயப்படுவதற்கு என்னிடம் ஒரு விலாசம்கூட இல்லை.