வாங்காமல் விட்ட வீடு

செக்கிங் அக்காவுக்குச் சொந்தப் பேர் இல்லாமலில்லை. ஆனால் தைத்து வருகிற சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரிந்த தையலைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலையிலேயே பாதி ஆயுசு கரைந்துவிட்டதால், கம்பெனியில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் போனபின் அவன் வேலை பார்த்த இடத்தில் கொடுத்த பணம் பாங்கில் கிடந்தது. நாளைக்கே கண் மங்கி வேலை போய்விட்டால் சோறு, மருந்து, கடைசிச் செலவு எல்லாத்துக்கும் அவளுக்கு அது ஒன்றுதான் கதி.

தம்பி சும்மா இருந்தானா? வீட்டு விலை அதல பாதாளத்துக்குப் போய்விட்டது, இப்போது ஒன்று வாங்கிப்போட்டால் மாசம் பிறந்தால் வாடகை வரும், காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று வரும்போதெல்லாம் அதே பாட்டு. அதுதான் தெருவுக்குத் தெரு 'வாடகைக்கு' போர்டு தொங்குகிறதே, குடிவர ஆள் எங்கே என்று கேட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கக் கிளம்பினாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை. விற்கிறவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. கட்டடங்களெல்லாம் பாதியில் நின்றுபோனதில் அவருக்கு வேலையே இல்லை. வீட்டுக் கடன் தவணை தவறிப்போய், பாங்க் ஆட்கள் வாசலுக்கே வரத் தொடங்கிவிட்டார்கள். அக்கா பழக்கதோஷத்தில் சமையலறைச் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில்கூட நகம் தட்டவில்லை. தன் வீடு என்று மனுஷன் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறார். அவர் சொன்ன விலையும் அவளுக்குக் கட்டுப்படியாகிற விலைதான்.

கிளம்பும்போது மேஸ்திரியின் சம்சாரம் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், நாங்களே வாடகைக்கு இருந்துவிடுகிறோம் என்றாள். என்ன சம்பாத்தியத்தில் வாடகை கொடுப்பீர்கள் என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களை அங்கேயே விட்டால் வாடகை வராது, போட்ட பணம் முடங்கிவிடும். வாடகை வேண்டுமென்றால் அவர்களைக் கிளப்ப வேண்டும். ஆயுசு முழுக்க வாடகை வீட்டில் குப்பை கொட்டியவள் அவள். ஓனர் கத்திய கத்தலில், புருஷனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறபோதே சாமான்களைத் தெருவில் இறக்கியிருக்கிறாள். அதே வேலையை இன்னொருத்திக்குத் தான் செய்வதா? வேண்டாமென்று புரோக்கருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

தம்பி வந்து குதி குதியென்று குதித்தான்.

"ஒருத்தர் சாமானத் தெருவுல தூக்கி வைக்கற பாவம் எனக்கு வேண்டாம்டா" என்றாள்.

அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு. அட அசட்டு மனுஷி!

மழைக்காலம் முடிந்தபின் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பார்த்தால், மேஸ்திரியின் சம்சாரம்! பாதியாக இளைத்திருந்தாள். பாங்க் வீட்டை ஏலம் போட்டுவிட்டதாம். மேஸ்திரி வேறு ஊர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறாராம். இவள் தன் கூடப்பிறந்தவள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாளாம். கேட்கக் கேட்க அக்காவுக்கு மனசே ஆறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"நான் வாங்கியிருந்தா உங்கள வெளிய அனுப்ப வேண்டி வந்திருக்கும். அதுக்குத்தான் மனசு வரல."

மேஸ்திரியின் சம்சாரம் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அனுப்பியிருக்கலாமேக்கா. நாங்க சொன்ன விலைக்குக் கடன் போக கொஞ்சம் கையில நின்னிருக்கும். ஒரு சின்ன ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்து ரெண்டு பேரும் ஒண்ணா இருந்திருப்போம். அடிமாட்டு விலைக்கு ஏலம் போச்சு. வீடும் போயி, கடன்ல பாதி இன்னும் அப்படியே நிக்குது."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தாலாவது அக்கா தாங்கியிருப்பாள். அதற்குள் மணியும் அடித்துவிட்டது.

"வீட்டப் பாக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்கா" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவ எழுந்து போனாள்.